சர்வர் யார் கையில்?

கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா, பப்ஜி. கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்கள்கூட இந்த மூன்றில் ஒன்றையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். முதலாவது, ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கி ஆட்டம். இரண்டாவது, மூன்று பாதைகளில் படையை நடத்திப்போய் எதிரியின் கோட்டையை இடிப்பது. மூன்றாவது, நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு, கடைசியில் உயிரோடு மிஞ்சுபவரை ஜெயித்தவர் என்று அறிவிப்பது. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பிறப்பில் மூன்றும் ஒரு ஜாதி. எந்த நிறுவனமும் கூட்டம் போட்டு, பட்ஜெட் ஒதுக்கி இவற்றின் மூல வடிவத்தை உருவாக்கவில்லை. வேறொரு கேமைக் காசு கொடுத்து வாங்கிய ரசிகர்கள், அதைப் பிரித்து, வளைத்து, தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்தவை இவை. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஆன்லைன் கேம்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், புதிய ஆட்ட வகைகளில் பெரும்பாலானவை சர்வரும் கருவிகளும் ஆட்டக்காரர்கள் கையில் இருந்த இடங்களில்தான் முளைத்திருக்கின்றன. அவற்றை நிறுவனங்கள் தங்கள் கைக்குத் திருப்பி எடுத்துக்கொண்ட பிறகு, கேம்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருகின்றன. வந்த சுவடு தெரியாமல் மறையவும் செய்கின்றன. பழசையே கொண்டாடும் ரசிகனின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். அதற்கு முன்பு சான்றுகளைப் பார்த்துவிடலாம்.

1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 என்ற கணினியில் ஸ்டீவ் ரஸ்ஸல் ‘ஸ்பேஸ்வார்’ என்ற கேமை எழுதினார். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். பின்னணியில் ஏனோதானோவென்று சிதறிக் கிடந்த புள்ளிகளைப் பீட்டர் சாம்சனால் சகிக்க முடியவில்லை. உண்மையான வானத்தின் நட்சத்திர வரைபடத்தையே எழுதிச் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து அதற்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். அதன் பிறகுதான் அது ஆட்டமானது. சும்மா சுட்டுக்கொண்டிருந்தவர்கள் சூரியனைச் சுற்றி வளைந்து வந்து தாக்கக் கற்றுக்கொண்டார்கள். யாரும் அதை விற்கவில்லை, பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் இதே கதை நடந்தது. ராய் டிரப்ஷா என்ற மாணவர் 1978இல் ‘மட்’ என்ற கேமைத் தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். வடக்கே போ என்று தட்டச்சு செய்தால், நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் எப்படி இருக்கிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்று திரையில் வரிகள் ஓடும். நிற்பவர் இன்னொரு மனிதர், வேறொரு திரையின் முன்னால். பல்கலைக்கழகக் கணினி சும்மா கிடக்கும் இரவு நேரத்தில் வெளியாட்களும் தொலைபேசி வழியாக உள்ளே வந்தார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு: ஆட்டத்தில் உச்ச நிலையை எட்டியவர் மந்திரவாதி ஆவார், உலகை நிர்வகிக்கும் அதிகாரங்களில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். ஆக, ஆன்லைன் உலகங்கள் பிறந்த நாளிலேயே ஆட்டக்காரருக்கும் நிர்வாகிக்கும் நடுவில் இருந்த கோடு மெல்லியதாகத்தான் இருந்தது.

அடுத்த பத்தாண்டில் அந்தக் கோடு அநேகமாக அழிந்தே போனது. 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் எழுதிய ‘டைனிமட்’டில், உள்ளே வந்த எவரும் புதிய அறைகளைக் கட்டலாம். 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் ‘டிக்குமட்’டின் நிரலையே ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்து நூற்றுக்கணக்கானோர் தத்தம் உலகங்களை நடத்தினார்கள். இங்கே ஒரு மறுப்பு வரும்: பெரிய ஆன்லைன் உலகங்களான எவர்க்வெஸ்ட்டும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டும் நிறுவனங்கள் உருவாக்கியவை ஆயிற்றே? ஆம், நிறுவனங்கள்தான் உருவாக்கின. ஆனால் 1999இல் வந்த எவர்க்வெஸ்ட்டின் ஆட்ட முறை டிக்குமட்டை எவ்வளவு ஒத்திருந்தது என்றால், நிரலையே எடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் கிளம்பியது. ஒரு வரிகூட எடுக்கவில்லை என்று தயாரிப்பாளர்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. அவர்கள் சொன்னது உண்மை. நிரலை எடுக்கவில்லை, யோசனையை எடுத்துக்கொண்டார்கள். அந்த எவர்க்வெஸ்ட்டில் பெரிய குழு ஒன்றின் தலைவராக இருந்து, அதன் குறைகளை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ஜெஃப் கேப்லனைத்தான் பிளிசார்ட் நிறுவனம் வேலைக்கு எடுத்தது. 2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்து டேனிஷ் மாணவர்களின் பொழுதுபோக்கிலிருந்து உலகின் மிகப் பெரிய சந்தா கேம் வரை நேராக ஒரு கோடு இழுத்துவிடலாம்.

துப்பாக்கி ஆட்டங்களின் வம்சாவளி இதைவிடத் தெளிவானது. 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் ‘டூம்’ கேமை வெளியிட்டது. முந்தைய கேமான வுல்ஃபென்ஸ்டைனை ரசிகர்கள் முட்டி மோதி உடைத்து மாற்றுவதைப் பார்த்திருந்த ஐடியின் ஜான் கார்மாக், இந்த முறை கதவைத் திறந்தே வைத்தார். கேமை இயக்கும் எஞ்சின் தனி. மேப், படம், ஒலி எல்லாம் ‘வாட்’ என்ற கோப்பில் தனி. மூலத்தைத் தொடாமலே கோப்பை மட்டும் மாற்றி ஒரு புதிய கேமைச் செய்யலாம். சில வாரங்களிலேயே ரசிகர்கள் மேப் வரையும் கருவிகளை எழுதிவிட்டார்கள். ஐடி ஒரு நிபந்தனை வைத்தது: ரசிகர் மேப்கள் இலவச மாதிரிப் பதிப்பில் ஓடக் கூடாது, காசு கொடுத்து வாங்கிய பதிப்பில்தான் ஓட வேண்டும். வியாபாரம் தெரிந்தவர்களின் நிபந்தனை. ஒவ்வொரு ரசிகர் மேப்பும் மூல கேமுக்கு ஒரு விளம்பரமானது. ரசிகர்கள் செய்த ஒரு முழு மேப் தொகுப்பை 1996இல் ஐடியே விலைக்கு வாங்கித் தன் பெயரில் விற்றது. 1997இல் நிரலையும் வெளியிட்டது. அதனால்தான் முப்பது ஆண்டு தாண்டியும் டூமுக்குப் புதிய மேப்கள் வந்துகொண்டிருக்கின்றன, இன்றைய எந்தக் கணினியிலும் அது ஓடுகிறது. அடுத்து வந்த ‘க்வேக்’ இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்ட விதிகளையே மாற்றி எழுத ஒரு சிறு நிரல்மொழியைக் கொடுத்தது. அதை வைத்து மூன்று ஆஸ்திரேலியர்கள் ‘டீம் ஃபோர்ட்ரஸ்’ செய்தார்கள். அவர்களை வால்வ் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அதே வால்வின் ‘ஹாஃப்-லைஃப்’ 1998 நவம்பரில் வந்தது. கனடாவில் படித்துக்கொண்டிருந்த மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற நண்பரோடு சேர்ந்து அதை மாற்றி ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ செய்தார். 1999 ஜூனில் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. அதில் பிணைக்கைதிகளை மீட்கும் ஆட்டம் மட்டுமே இருந்தது. இன்று எல்லோரும் ஆடும் வெடிகுண்டு ஆட்டம் அதே ஆண்டில் பிறகு வந்தது. சில வாரங்களுக்கு ஒரு பீட்டா, ஆட்டக்காரர்கள் ஏசுவார்கள், அடுத்த பீட்டாவில் துப்பாக்கி விலை மாறியிருக்கும், சுவர் இடம் பெயர்ந்திருக்கும். வெடிகுண்டு ஆட்டத்துக்காக வந்த மேப்களில் ஒன்று ‘டஸ்ட்’. அதை வரைந்த டேவ் ஜான்ஸ்டனுக்கு அப்போது வயது 16. மணல் நிறச் சுவர்கள், வளைவு வாசல்கள், ஓர் அடித்தளப் பாதை, வெடிகுண்டு வைக்க இரண்டு இடங்கள். சிறு மேப்தான், ஆனால் கணக்கு கச்சிதம்: இரண்டு அணிகளும் ஓடத் தொடங்கினால் குறுகலான வாசல்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முகத்துக்கு முகம் சந்திக்கும். முந்திப் போய்ப் பதுங்கும் சலுகை யாருக்கும் இல்லை. அதன் அடுத்த வடிவமான டஸ்ட்-2, உலகிலேயே அதிகம் ஆடப்பட்ட மேப்களில் ஒன்று. இதை ஒரு பள்ளி வயதுப் பையனிடம் எந்த நிறுவனம் ஒப்படைத்திருக்கும்? வால்வ் கவுன்டர்-ஸ்ட்ரைக்கை வாங்கி, 2000 நவம்பரில் பெட்டியில் போட்டு விற்றது.

இங்கே சர்வர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கை விளையாட வால்வின் அனுமதியோ, வால்வின் கணினியோ தேவைப்படவில்லை. சர்வர் மென்பொருளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்த மாணவரும் தன் கணினியில் சர்வர் ஓட்டலாம், விதி வைக்கலாம், வம்பு செய்பவரை வெளியே தள்ளலாம். இணையமே இல்லாத இடத்திலும் நான்கு கணினிகளை லேன் வயரால் இணைத்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். இந்தியாவில் டயல்-அப் இணைப்பு உருண்டு புரண்டு ஓடிய காலத்தில், சென்னையின் ப்ரௌசிங் சென்டர்களிலும் பொறியியல் கல்லூரி விடுதிகளிலும் இந்த கேம் வேரூன்றியதற்கு இதுதான் காரணம். அங்கே ஓடிய பிரதிகளில் பல திருட்டுப் பிரதிகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தலைமுறைக்கு ஆன்லைன் ஆட்டம் என்றால் என்னவென்று அறிமுகப்படுத்தியது அந்த லேன் வயர்தான்.

டோட்டாவின் கதை இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அதற்கு ஒற்றை ஆசிரியரே கிடையாது. பிளிசார்டின் ஸ்டார்கிராஃப்ட்டில் ஒரு ரசிகர் செய்த ‘ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்’ என்ற மேப்பில் விதை விழுந்தது. 2002இல் வார்கிராஃப்ட் 3 வந்தபோது, பிளிசார்ட் தன் ஊழியர்கள் பயன்படுத்திய மேப் கருவிக்கு நெருக்கமான ஒன்றையே பெட்டியோடு கொடுத்தது. அதில் யூல் என்ற புனைபெயர்க்காரர் டோட்டாவை உருவாக்கினார். அவர் ஒதுங்கியதும் ஆளுக்கு ஒரு டோட்டா செய்தார்கள். அவற்றில் தேறிய நாயகர்களை ஒன்றுதிரட்டிய ‘ஆல்ஸ்டார்ஸ்’ பதிப்பு குவின்சூ என்பவர் கைக்கு வந்தது. 2005 முதல் ஐஸ்ஃப்ராக் என்பவர் அதை ஆண்டுக்கணக்கில் செதுக்கினார். யாரும் சம்பளம் வாங்கவில்லை. விநியோகமோ இன்னும் வேடிக்கை: ஆட்டம் நடத்துபவரின் அறைக்குள் நுழைந்தாலே போதும், சில எம்பி அளவுள்ள மேப் கோப்பு அவர் கணினியிலிருந்து உங்கள் கணினிக்கு இறங்கிவிடும். விளம்பரமும் இல்லை, கடையும் இல்லை. 2009இல் குவின்சூவும் பங்கேற்ற, டோட்டா பாணியிலான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வந்தது. அதே ஆண்டு ஐஸ்ஃப்ராக்கை வால்வ் எடுத்துக்கொண்டது. 2011இல் கொலோன் நகரில் நடந்த, வால்வின் டோட்டா 2 போட்டியில் முதல் பரிசு 10 லட்சம் டாலர். தங்கள் கேமுக்குள்ளேயே, தங்கள் கண் முன்னாலேயே பிறந்த இந்தப் புதையலைப் பிளிசார்ட் கைநழுவ விட்டது. டோட்டா என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு 2012இல் சமரசத்தில் முடிந்தது.

பப்ஜியும் இதே வழித்தோன்றல்தான். செக் நாட்டு போஹீமியா நிறுவனத்தின் ‘ஆர்மா 2’ ஒரு ராணுவப் பயிற்சி போன்ற, பொறுமையைச் சோதிக்கும் கேம். நியூசிலாந்தின் டீன் ஹால் 2012இல் அதை ஜாம்பிகளின் உலகமாக மாற்றி ‘டேஇசட்’ செய்தார். அப்போது பிரேசிலில் இருந்த அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன், அந்த மாற்றத்தை மறுபடி மாற்றி, கடைசி ஆள் மிஞ்சும்வரை நடக்கும் ஆட்டம் ஆக்கினார். ‘பிளேயர்அன்னோன்’ என்பது அவர் விளையாடப் பயன்படுத்திய பெயர். அதைத்தான் பிறகு கேமின் பெயரில் வைத்தார்கள். தென்கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்துக்கொண்டு 2017 மார்ச்சில் பப்ஜியை வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்தில் ஒரே நேரத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். மாற்றத்தின் மேல் மாற்றம், அதன் மேல் இன்னொரு மாற்றம். ஆர்மாவின் கதவு மூடியிருந்தால் இன்று ஃபோர்ட்நைட்டின் அந்த ஆட்டமும் இல்லை, ஃப்ரீ ஃபயரும் இல்லை.

தேறியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வாதம் செய்வது நியாயமா என்று கேட்கலாம். ரசிகர்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை குப்பை. பாதியில் நின்றவை, ஆட ஆளில்லாதவை, பார்க்கச் சகிக்காதவை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் குப்பையைக் குவிக்க முடிந்ததுதான் அந்த அமைப்பின் பலம். ஒரு மாணவரின் மேப் தோற்றால் அவருக்கு நஷ்டம் சில மாத இரவுகள். ஒரு பெரிய நிறுவனத்தின் கேம் தோற்றால் நஷ்டம் கோடிக்கணக்கில். அதனால் நிறுவனம் ஏற்கெனவே ஓடியதையே மறுபடி செய்யும்; மாணவர் யாரும் செய்யாததைச் செய்வார். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: எஞ்சினை எழுதியது நிறுவனம்தானே, அதன் தோளில் ஏறி நின்றுவிட்டு ரசிகர்கள் பெருமை கொண்டாடலாமா? கொண்டாட வேண்டாம். கார்மாக் இல்லாமல் டூமும் இல்லை, டூம் மேப்களும் இல்லை. நான் சொல்வது ரசிகர்கள் உயர்த்தி, நிறுவனம் தாழ்த்தி என்று அல்ல. இரண்டு தரப்புக்கும் லாபம் தந்த ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. அதை ஒரு தரப்பு கிழித்துப் போட்டது.

கிழித்ததற்குக் காரணங்கள் இருந்தன. பிளிசார்டின் பேட்டில்.நெட் சேவை 1990களின் கடைசியில் மந்தமாக ஓடியபோது, சிலர் அதற்கு மாற்றாக ‘பிநெட்டி’ என்ற சர்வர் மென்பொருளை எழுதினார்கள். திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்களும் அதில் நுழைய முடிந்தது. பிளிசார்ட் வழக்குப் போட்டது. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளிசார்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சர்வர் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் அன்று ஒரு பதில் சொல்லிவிட்டது. 2009இல் கால் ஆஃப் டியூட்டி வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் 2, கணினிப் பதிப்பில் ஆட்டக்காரர்கள் சொந்த சர்வர் நடத்தும் வசதியை நீக்கியது. ரசிகர்கள் கொதித்தார்கள், மனு போட்டார்கள், புறக்கணிப்புக் குழு அமைத்தார்கள். கேம் வெளியான அன்று அந்தப் புறக்கணிப்புக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால், பெரும்பாலானோர் அதே கேமைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர்களின் மன உறுதி அவ்வளவுதான் என்று நிறுவனங்கள் குறித்துக்கொண்டன. அதற்குப் பிறகு, துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் ஸ்கின் வியாபாரம் பெருகியது. ரசிகர் நடத்தும் சர்வரில் எவரும் எந்த ஸ்கின்னையும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால் கடையில் யார் வாங்குவார்கள்? சர்வரை மூடியதற்கு ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பது ஒரு காரணம். கல்லாப்பெட்டி இன்னொரு காரணம். அதைப் பற்றி அறிக்கைகளில் பேச மாட்டார்கள்.

ஏமாற்றுக்காரர்கள், வக்கிரக்காரர்கள் பிரச்சினையைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. ரசிகர் நடத்திய உலகங்கள் சொர்க்கமாக இருக்கவில்லை. 1990இல் பாவெல் கர்டிஸ் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ‘லாம்ப்டாமூ’ என்ற எழுத்துலகில், சமூகத் தகராறுகளில் இனி தலையிட மாட்டோம் என்று நிர்வாகிகள் 1992 கடைசியில் அறிவித்துவிட்டார்கள். சில மாதங்களில் ஓர் ஆட்டக்காரர், மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களே செய்வதுபோல் காட்டும் நிரலைப் பயன்படுத்தி, பொது அறையில் பலரைப் பாலியல் ரீதியாக இழிவுபடுத்தினார். பாதிக்கப்பட்டவர்களின் வேதனை எழுத்தில் நடந்ததால் குறைந்துவிடவில்லை. உறுப்பினர்கள் கூடி வாதிட்டும் முடிவு எட்டவில்லை. கடைசியில் நிர்வாகி ஒருவர் தன் பொறுப்பில் அந்தப் பாத்திரத்தை நீக்கினார். அதன் பிறகு கர்டிஸ் மனு, வாக்கெடுப்பு முறைகளை நிறுவினார். அவையும் சண்டையில் சிக்கி, 1996இல் நிர்வாகிகள் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சமூகமே தன்னை ஆண்டுகொள்ளும் என்று கற்பனை செய்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: நிறுவனங்களே எல்லா சர்வரையும் நடத்தும் இன்றைக்கு வசை குறைந்துவிட்டதா? பெண் குரல் கேட்டதும் மைக்கில் வந்து விழும் பேச்சைக் கேட்டவர்களுக்குப் பதில் தெரியும். பழைய சர்வரில் இருபது பேரை அறிந்த ஓர் அட்மின் இருந்தார். இன்று கோடிப் பேருக்கு ஒரு புகார்ப் பொத்தான் இருக்கிறது. இரண்டும் குறையுள்ளவைதான். மோசமான சர்வரை விட்டு வேறொன்றுக்குப் போக முடியும் என்ற ஒரே காரணத்துக்காக, நான் முதலாவதன் பக்கம் நிற்பேன்.

படைக்க விரும்பும் ரசிகர்களுக்கு இன்று ரோப்லாக்ஸ் இருக்கிறது, ஃபோர்ட்நைட்டின் கருவிகள் இருக்கின்றன, வருமானத்தில் பங்கும் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அங்கே திறமைசாலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது வாடகை வீட்டில் சொந்தக் காசில் மாடி எடுப்பது போன்றது. கட்டியதை எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாது. டோட்டா வார்கிராஃப்ட்டை விட்டு வெளியேற முடிந்ததால்தான் ஒரு தனி ஆட்ட வகை ஆனது. 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3இன் புதிய பதிப்பு வந்தபோது, ரசிகர்கள் அதில் செய்யும் எல்லா கேம்களும் பிளிசார்டின் தனிச் சொத்து என்று விதிகளில் எழுதியிருந்தார்கள். அடுத்த டோட்டா கைநழுவக் கூடாது என்பது நோக்கம். அப்படி ஒரு விதி இருக்கும் இடத்தில் அடுத்த டோட்டாவை யார் செய்வார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

இதன் விளைவு புதிய கேம்களில் தெரிகிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி ‘கான்கார்ட்’ என்ற துப்பாக்கி ஆட்டத்தை வெளியிட்டது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்தது, பார்வைக்குக் குறையில்லை. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த, இதே வகை ஆட்டமான ஓவர்வாட்ச்சை விட்டு இதற்கு ஏன் வர வேண்டும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. செப்டம்பர் 6 அன்று சர்வரை அணைத்துவிட்டு, காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிடித்து ஆடிய சிலர் உண்டு. அவர்களுக்கும் இனி அது இல்லை. கான்கார்ட்டில் பணமாவது திரும்பியது. யுபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’ 2014இல் வந்த கார் பந்தய கேம். அதைத் தனியாகவே ஓட்டி மகிழ்ந்தவர்களும் உண்டு. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றதும், தனியாக ஓட்டவும் முடியாமல் போனது.

இந்திய ஆட்டக்காரர்களுக்கு இந்த அனுபவம் முன்பே கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆன்லைன் கேம் என்று பேச்செடுத்தாலே 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சூதாட்டத் தடைச் சட்டமும் ரம்மியும்தான் நினைவுக்கு வரும். அது வேறு பிரச்சினை, காசு வைத்து ஆடும் பிரச்சினை. நான் சொல்வது 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்ததை. அக்டோபர் 30 அன்று சர்வர் இந்தியர்களுக்கு மூடப்பட்டது. அடுத்த ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மேயில் மறுபடி வந்தது. தடை சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை. ப்ரௌசிங் சென்டரின் லேன் வயரில் ஓடிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கை யாரும் ஓர் உத்தரவில் அணைத்திருக்க முடியாது. ஒரே நிறுவனத்தின் சர்வரில் நடக்கும் ஆட்டத்தை அரசும் அணைக்கலாம், நிறுவனமும் அணைக்கலாம். ஆட்டக்காரரிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

பழைய கேம்களை யார் ஆடப்போகிறார்கள் என்று நிறுவனங்கள் சொல்லும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் பழைய வடிவத்தைக் கேட்டபோது பிளிசார்டும் அப்படித்தான் சொன்னது. ரசிகர்கள் ‘நொஸ்டால்ரியஸ்’ என்ற சர்வரில் தாங்களே அதை ஓட்டினார்கள். வழக்கறிஞர் கடிதம் வந்ததும் 2016 ஏப்ரலில் மூடினார்கள். அப்போது ஒன்றரை லட்சம் பேர் அதில் ஆடிக்கொண்டிருந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். மூன்றே ஆண்டில், 2019 ஆகஸ்ட்டில், பிளிசார்டே பழைய வடிவத்தை வெளியிட்டு வசூல் பார்த்தது. சந்தை ஆய்வு சொல்லாததை ஒரு சட்டவிரோத சர்வர் சொல்லிக்கொடுத்தது.

ஐரோப்பாவில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் கேட்பதும், மூடிய கேம் ஆடக்கூடியதாக மிஞ்ச வேண்டும் என்பதைத்தான். தி க்ரூ மூடப்பட்ட பிறகு ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்திடம் மனுவாகப் போய், 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. தயாரிப்பாளர் சங்கங்கள் அலறுகின்றன: காலம் முழுக்க சர்வர் ஓட்டினால் செலவு கட்டாது, ரசிகர்கள் நடத்தும் சர்வரில் ஏதாவது தவறு நடந்தால் பொறுப்பு யார், அதற்கேற்பக் கேமைக் கட்டினால் விலை ஏறும். முதல் மறுப்பு கேட்காத கோரிக்கைக்குச் சொல்லும் பதில். யாரும் காலம் முழுக்க ஓட்டச் சொல்லவில்லை. நிறுத்தும்போது ஓடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பிந்திய இரண்டிலும் உண்மை உண்டு; பத்தாண்டுக்கு முன் கட்டிய கேமை இப்போது பிரிப்பது சிரமம்தான். ஆனால் இனிமேல் கட்டுபவற்றை அப்படிக் கட்ட முடியாது என்பதற்கு ஆதாரம் இல்லை. க்வேக் அப்படித்தான் கட்டப்பட்டது. மைன்கிராஃப்ட்டின் சர்வர் மென்பொருளை இன்றும் எவரும் இறக்கித் தன் கணினியில் ஓட்டலாம்; அதனால் மைக்ரோசாஃப்ட் ஏழையாகிவிடவில்லை. பொறுப்பு பற்றிய பயத்துக்கும் முன்னுதாரணம் வந்துவிட்டது. என்சிசாஃப்ட் 2012இல் மூடிய ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ கேமை ரசிகர்கள் ரகசியமாக ஓட்டிவந்தது 2019இல் அம்பலமானது. நிறுவனம் வழக்குப் போடவில்லை. 2024 ஜனவரியில் ‘ஹோம்கமிங்’ என்ற ரசிகர் குழுவுக்கு முறையான உரிமம் கொடுத்தது.

ஆகவே அடுத்த கேமுக்குப் பணம் கட்டுமுன், ட்ரெய்லரைப் பார்ப்பதோடு நிற்காமல் இன்னொன்றையும் தேடுங்கள்: சொந்த சர்வர் நடத்த முடியுமா, குறைந்தது லேனிலாவது ஓடுமா, நிறுவனம் கடையை மூடினால் கேம் மிஞ்சுமா. இல்லை என்றால், நீங்கள் வாங்கவில்லை. கொஞ்ச நாளுக்கு உள்ளே விட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் விலை நியாயமா என்று பார்த்துக் கட்டுங்கள்.